பதம் நின்ற வீடு

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊஞ்சப்பாளையத்தில், தண்ணீர்த்தொட்டித் தெருவின் ஏழாவது வீட்டுச் சமையல்கட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வந்த நேரம், மற்ற நேரங்களைப் போல வந்த வழியே போய்விடாமல் நாற்பத்து மூன்று நாள் அங்கேயே நின்றது. ஊர்க்காரர்கள் இதற்காக மூக்கின் மேல் விரலை வைத்ததாகத் தெரியவில்லை. அதே மாதம் மேல்நிலைத் தொட்டியில் விரிசல் விழுந்து நாலு நாள் குடிதண்ணீர் வராமல் போனதைத்தான் இன்றைக்கும் பெரிய சங்கதியாகச் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தை அங்கே விட்டுவிட்டுப் போனவன் சென்னியப்பன். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மாவாட்டும் கிரைண்டர் விற்கிறவன். மற்ற விற்பனைக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டு நோட்டீஸை நீட்டி, தள்ளுபடி, இலவசம் என்று தொண்டை வறளப் பேசுவார்கள். சென்னியப்பனுக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது, விடிகாலையிலேயே ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் இரண்டு போசியில் எடுத்துக்கொண்டு, கிரைண்டரை மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போய், "வாங்கவே வேண்டாமுங்க்கா, ஒரு படி மாவு ஆட்டிக் குடுத்துட்டுப் போயர்றேன், மாவு உங்களுக்கேதான்" என்பான். ஓசி மாவை வேண்டாம் என்ற வீட்டை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கல் சுற்றும்போது அவன் வாயைத் திறக்க மாட்டான். இருபத்தைந்து நிமிஷம் ஓடியதும் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பான். வீட்டுக்காரி மாவில் விரலைத் தொட்டு எடுப்பாள், பெருவிரலோடு சேர்த்து உரசிப் பார்ப்பாள், உரசும்போது அவள் கண் மாவை விட்டு எழுந்து சமையல்கட்டின் ஏதாவது ஒரு மூலைக்குப் போகும், மெஷினை அங்கே வைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாமல் அந்தக் கண் அளவெடுக்கும். சென்னியப்பன் இதற்குப் பதம் என்று பெயர் வைத்திருந்தான். ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் பதம் இருக்கும், அதற்கு முன்னால் கேட்டால் விரட்டுவார்கள், அதற்குப் பின்னால் கேட்டால் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அந்தத் தும்மல் நேரத்துக்குள் அவன் கேட்டுவிடுவான், அதுவும் வாங்குகிறீர்களா என்று கேட்க மாட்டான். "இந்த மேடை மேலயே வெச்சுக்கறீங்களா, இல்ல அந்த மூலைக்கா?" என்பான். மூலைக்குத்தான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரசீதில் பெயர் எழுதியாகியிருக்கும்.

கம்பெனிக் கூட்டங்களில் அவனை மேடையில் ஏற்றி இதைச் சொல்லச் சொல்வார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவனும் நல்ல மனுஷன்தான், யாரையும் ஏமாற்றியதில்லை, அவன் விற்ற மெஷின் எதுவும் மூலையில் தூங்கியதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலையைச் செய்தவனுக்கு அந்த வேலை வீட்டுக்கு வெளியே செருப்போடு நிற்காது, உள்ளே வந்துவிடும். தாராபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது, நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த சுலோசனா காப்பித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பிய அந்த ஒரு நொடியில், "முகூர்த்தப் புடவை மஞ்சள்ல எடுக்கலாமா, அரக்குலயா?" என்று சென்னியப்பன் கேட்டான். அவள் அரக்கு என்றாள், கல்யாணம் நடந்தது. பிறகு ஒருநாள் அவளுக்குக் கால்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வேலையை இந்த மாசமே விடுகிறாயா, பரீட்சை முடிந்து விடுகிறாயா என்று கேட்டான். பரீட்சை முடிந்து என்றாள். பல்லடத்தில் வீடு பார்த்தது, குழந்தை இல்லையென்று ஆனபிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியது, எல்லாமே அவன் பதம் பார்த்துக் கேட்டு அவள் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடிந்துபோன விஷயங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதக் காலையில் சுலோசனா பையை எடுத்துக்கொண்டு தாராபுரத்துக்குக் கிளம்பினாள். சண்டை ஒன்றும் இல்லை, இட்லி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினாறு வருஷத்துல எனக்கு என்ன வேணும்னு நீங்க கேட்டதே இல்லைங்க. எந்த மூலைல வெக்கறதுன்னுதான் கேட்டீங்க."

அன்றைக்கு அவனுக்கு அது புரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து தடவை தாராபுரம் போனான், ஐந்து தடவையும் அவள் முகத்தில் பதம் தேடினான், அவள் அவனுக்கு முதுகைக் காட்டியபடியே பதில் சொல்லக் கற்றிருந்தாள். அவன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான், அவள் இல்லாத வீட்டில் அவனுக்கு அழுகை வந்தது, அழுதுவிட்டு வேலைக்குப் போனான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் மாவாட்டிக்கொண்டிருந்தது லாரி டிரைவர் குப்புசாமியின் மனைவி வசந்தாமணி வீட்டில். தெருவுக்குள் வந்த எந்த வியாபாரியும் அவளிடம் ஒரு கரண்டிகூட விற்றதில்லை, எல்லோருக்கும் ஒரே பதில்தான், "அவரு வரட்டுமுங்க, கேட்டுச் சொல்றேன்." குப்புசாமி மாதத்தில் இருபது நாள் நாக்பூரிலோ கல்கத்தாவிலோ இருப்பான். கல் நின்றது, அவள் விரலைத் தொட்டாள், உரசினாள், கண் எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்து மூலைக்குப் போனது. சென்னியப்பன் வாயைத் திறந்தான். சுலோசனா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது அந்தச் சமயம் பார்த்து அவன் தொண்டையில் குறுக்கே வந்து நின்றது, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கேட்காமல் வாயை மூடிக்கொண்டான். மாவை வழித்துப் போசியில் போட்டுக் கொடுத்தான், மெஷின் இங்கேயே இருக்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று முனகிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனான்.

கேள்விக்காக வந்த நேரம், கேள்வி வராததால், காத்திருந்தது.

முதலில் மாவுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. உப்புப் போட்டுக் கரைத்துக் குடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த மாவு மறுநாள் காலையில் பொங்கவில்லை, அதற்கு மறுநாளும் பொங்கவில்லை, ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தபோதும் அப்போதுதான் ஆட்டிய வாசனையோடு இருந்தது. வசந்தாமணி உளுந்தைக் குற்றம் சொன்னாள், மெஷினைக் குற்றம் சொன்னாள், கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி நிலைப்படியில் நின்று ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டாள். வசந்தாமணியின் கறிவேப்பிலைச் செடி பேர் போனது, யார் கேட்டாலும் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள், பாப்பாத்தியும் பேச்சுக்காகத்தான் கேட்டாள். குடத்துப் பக்கம் நின்றிருந்த வசந்தாமணி, "சரிங்க, பறிச்சுக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பார்க்க முடியாமல் பாப்பாத்தியைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் குப்புசாமி லோடு இறக்கிவிட்டு வந்தான், அதே இடத்தில் நின்று சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷமாகக் கேட்டு அலுத்ததை வசந்தாமணி வாசல் பக்கமிருந்து வழக்கம்போலக் கேட்டாள். "ஏனுங்க, என்னைய ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறீங்களா?" குப்புசாமி தண்ணீரை முழுங்கிவிட்டு, "சரி" என்றான். சாயங்காலம் அதை வாபஸ் வாங்கிவிடலாம் என்று, அவசர லோடு வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான், வாயிலிருந்து வந்ததோ, "ரெண்டு செட்டுத் துணி போதுமில்ல?" என்பதுதான். இருவரும் போய்க் கடலில் முழுகிவிட்டு, பிளாஸ்டிக் சங்கு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. வசந்தாமணி வீட்டுச் சமையல்கட்டில், குடத்திலிருந்து அடுப்புத் திட்டு வரை ஒரு பாய் விரிக்கிற இடத்தில் சரி என்று சொல்லும் பதம் நிற்கிறது, அதற்குள் ஆளை நிறுத்தி வெளியிலிருந்து எதைக் கேட்டாலும் சரி என்பார்கள், அங்கே சொன்ன சரி பிறகு திரும்பாது. ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றுதான் கேட்டார்கள். ஆளை உள்ளே எப்படி நிற்க வைப்பது என்பதில் ஆளுக்கொரு வித்தை இருந்தது. ஒருவன் மாமனாரைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிவந்தான், ஒருத்தி கொழுந்தனைப் பல்லி அடிக்கக் கூட்டிவந்தாள், தறி முதலாளி ஒருவரை அவரிடம் வேலை செய்கிற பதினாறு பேர் குடத்துக்குள் ஏதோ மிதக்கிறது பாருங்கள் என்று சொல்லிக் கூட்டிவந்து ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார்கள். கேட்கிறவர் பதத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது, ஏனென்றால் பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவர் சேர்ந்தே உள்ளே நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் கேட்டதில், ஒருத்தன் விட்டுக்கொடுப்பதை மற்றவன் திருப்பி விட்டுக்கொடுத்து, மத்தியானம் வரைக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்தார். தன்னை யாராவது உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, சட்டதிட்டங்கள் சொன்னார். பதத்தைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட வேண்டும், பத்திரப் பதிவு விஷயம் எதையும் கேட்கக்கூடாது, தேர்தல் சம்பந்தமாகவும் கேட்கக்கூடாது, வீட்டுக்காரிக்கு வியாழக்கிழமை துணி துவைக்கிற நாள், அன்றைக்கு யாரும் வரக்கூடாது. ஊர் இதையெல்லாம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டது. தெருமுனையில் ஒரு டீக்கடையும் ஒரு செருப்புக் காவலும் வந்தன. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கிறவர்களும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளும் வேனில் ஆளேற்றிக்கொண்டு வந்தார்கள். சென்னியப்பனுடைய கம்பெனியின் கோயமுத்தூர் மேனேஜருக்கும் சேதி எட்டி, அவர் இரண்டு கொத்தனார்களோடு வந்து, அந்த இடத்துத் தரையோட்டைப் பெயர்த்து எடுத்துப்போய்த் தன் ஷோரூமில் பதித்தார். அங்கே அது வெறும் ஓடாக இருந்தது. இங்கே ஓடு போன சிமெண்டுத் தரையில் பதம் முன்போலவே நின்றது.

தெருவில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு ஜன்னல் கிடைத்தது, ஒருத்தனுக்குக் குடிக்காத தகப்பன் கிடைத்தான். தறி ஓட்டிக்கொண்டிருந்த கோகிலா என்கிற பெண்ணை அவள் அண்ணன்மார் மாவு சல்லடை வாங்கிவா என்று உள்ளே அனுப்பி, வெளியே நின்று, மைலம்பட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அவளும் சரி என்றாள், சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாம் வாரம் கல்யாணம் நடந்தது, எல்லோரும் போய்ச் சாப்பிட்டார்கள், மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு, சொந்தத் தறி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பெண்கள் யார் வீட்டுச் சமையல்கட்டுக்கும் போகாமல் வாசலிலேயே நின்று பேசத் தொடங்கினார்கள். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

வசந்தாமணி தன் சமையல்கட்டுக்குள் போவதை விட்டுவிட்டாள். போனால் போதும், ஜன்னல் வழியாக யாராவது எதையாவது கேட்டுவிடுவார்கள். கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிவிட்டது, அம்மிக்கல் போய்விட்டது, நாத்தனார் குடும்பம் பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போனது. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துச் சமைத்தாள், மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள்.

முப்பதாம் நாள் சென்னியப்பன் மெஷினை எடுத்துப்போக வந்தான். அவன் போன ஊர்களிலெல்லாம் அவனுக்கு முன்பே இந்தப் பேச்சு போயிருந்தது, ஆனாலும் கொல்லையில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்த வசந்தாமணியைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"வாங்க தம்பி" என்றாள் அவள். "அன்னைக்கு ஏதோ கேக்க வாயெடுத்தீங்க. கேக்காமயே போயிட்டீங்க. அதுதான் இன்னும் போகாம நின்னுட்டிருக்குது. கேக்கறதக் கேட்டுப்போட்டுப் போயிருங்க, எனக்கு என்ற சமையக்கட்டு வேணும்."

"என்னைய மன்னிக்கோணுமுங்க்கா."

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. கேளுங்க."

கேட்டால் போய்விடும் என்று அவனுக்கும் தெரிந்தது. கோலமாவுக் கோட்டுக்கு வெளியே நின்று அந்த இடத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, சுலோசனா அதற்குள் நிற்பதுபோலவும், அவன் வெளியிலிருந்து, திரும்பி வந்துவிடுகிறாயா என்று கேட்பதுபோலவும், அவள் சரி என்பதுபோலவும் தெரிந்தது. இரண்டு வருஷம், ஐந்து தடவை தாராபுரம், முதுகைக் காட்டிய பதில்கள், எல்லாம் ஒரு பாய் அகல இடத்தில் முடிந்துவிடும், பிறகு அந்தச் சரி திரும்பாது.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமுங்க்கா" என்றான்.

வசந்தாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், இவனும் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

அடுத்த வாரம் அவன் தாராபுரம் போனான். சுலோசனா மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊஞ்சப்பாளையம் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது, அது யார் விட்டுவிட்டு வந்தது என்றும் தெரிந்திருந்தது. "ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்றான். "திங்கக்கிழமை வர்றியா, இல்ல..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் வடகத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். அவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்று தெரியாதவள் இல்லை. "எப்ப வர்றதுன்னு நான் பாத்துக்கறேன். நானே தனியா வர்றேன்" என்றாள்.

அவன் தினமும் காலையில் ஊஞ்சப்பாளையம் வந்து டீக்கடையில் காத்திருந்தான். நாற்பத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பத்தேகால் பஸ்ஸில் சுலோசனா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முன்னால் நரைத்திருந்தது. வரிசையில் நின்றிருந்தவர்கள் விவரம் கேட்டு வழி விட்டார்கள், பெண்சாதியைக் கூட்டிப்போக வந்தவனுக்கு முதலில் விடவேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தோன்றியது, இவனால்தான் இதெல்லாம் கிடைத்தது என்ற மரியாதையும் இருந்தது. வசந்தாமணியும் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

சுலோசனா நிலைப்படியில் நின்றாள். உள்ளே ஆட்கள் மிதித்து மிதித்துக் கோலமாவுக் கோடு பாதி அழிந்திருந்தது. "எந்த இடமுங்க?" என்றாள்.

"குடத்துக்குப் பக்கத்துல."

"சரியாத் தெரியல. எதுலேர்ந்து எதுவரைக்கும்?"

இங்கேதான் சென்னியப்பன் தவறினான், அவன் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பொருளைப் பற்றி ஒரு பெண் கேட்டால் வாயால் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை, செய்துதான் காட்டுவான். கை தானாக நீண்டது, கால் தானாக நகர்ந்தது, "இதோ, இங்கேர்ந்து, இந்தத் திட்டு முடியற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே போய் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

வாசலில் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளே பயமாக இல்லை. யாரோ தலையைத் தடவுவதுபோல இருந்தது, அப்போது ஆட்டிய உளுந்து வாசனை வந்தது, மனசு எல்லாப் பக்கமும் ஒரேயடியாகச் சாய்ந்து நின்றது, எதைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று ஆசையாகக்கூட இருந்தது. தன்னிடம் மெஷின் வாங்கிய அத்தனை பெண்களும், அரக்கு என்று சொன்ன நாளில் சுலோசனாவும், இங்கேதான் நின்றிருந்தார்கள் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. இது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை, அதுதான் அவனை அழவைத்தது.

சுலோசனா அவசரப்படவில்லை. அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது, பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து இருந்தது, விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கலாம், பல்லடத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம், நடுத்தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமினார்கள், ஒருவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான், அவள் யாரையும் சட்டை பண்ணாமல் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கேட்டாள். "இனிமேலைக்கு என்கிட்ட நீங்க எதையுமே கேக்காம இருப்பீங்களா?"

"சரி" என்றான் சென்னியப்பன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வசந்தாமணியைப் பார்த்து, "வர்றனுங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க அவன் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. நான் வரட்டுமா என்பதும் வரவில்லை. அவள் முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான் இன்னும் உள்ளேயே நிற்பது ஞாபகம் வந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்தான், வந்ததும் வசந்தாமணிக்கு நேராகக் கைகட்டி நின்றான். அவளிடம் கேட்க அவன் வாய்க்குத் தடை ஏதும் இல்லை.

"அக்கா, உங்களுக்கு இந்த மெஷின் வேணுமுங்களா?"

வசந்தாமணி குடத்துப் பக்கத்து மூலையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், நிதானமாக யோசித்தாள். "வேண்டாமுங்க தம்பி" என்றாள். "ரெண்டு பேருக்கு எதுக்குங்க இத்தா பெரிய மெஷினு. அன்னைக்கே இப்படிக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அந்த வேண்டாமோடு நேரம் போய்விட்டது. போனது யார் கண்ணுக்கும் படவில்லை, நாற்பத்து மூன்று நாள் பொங்காத மாவு ஒரே மூச்சில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்து, புளித்த வாடை தெருமுனை டீக்கடை வரைக்கும் போனதில்தான் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். வேன்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோகிலா மட்டும் விஷயம் கேள்விப்பட்டு மைலம்பட்டியிலிருந்து தன் அண்ணன்மாருக்குப் போன் போட்டு, அரைமணி நேரம், அவள் வாயில் அதுவரை யாரும் கேட்டிராத வார்த்தைகளாகச் சொன்னாள் என்று பாப்பாத்தி சொல்கிறாள். வசந்தாமணி சமையல்கட்டை மூன்று தடவை கழுவிவிட்டாள். அம்மிக்கல்லை வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், கறிவேப்பிலைச் செடியில் துளிர் வந்ததும் பூச்சி விழுந்திருக்கிறது என்று அவள் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.

சென்னியப்பனுக்கு அதன் பிறகு வியாபாரம் பாதியாகிவிட்டது. அவன் இப்போது மாவை ஆட்டிக்கொடுத்துவிட்டு, விரல், கண் எதையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறான், இரண்டில் ஒரு வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். கம்பெனிக் கூட்டங்களில் அவனை மேடைக்குக் கூப்பிடுவதில்லை. தாராபுரத்துக்கு அவன் இரண்டு தடவை போன் போட்டான், சௌக்கியமா என்பதுகூடக் கேள்விதான் என்பதால் அந்தப் பக்கம் அவள் ஹலோ சொன்ன பிறகு இந்தப் பக்கம் அவன் சும்மா இருந்தான், பிறகு, இங்கே மழை பெய்கிறது என்றான். அவளும் அங்கே பெய்யவில்லை என்றாள். அதோடு போன் போடுவதை விட்டுவிட்டான்.

ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் சட்டை கூடப் போடாமல் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தான். சுலோசனா ஒரு பையோடும் குடையோடும் நின்றிருந்தாள். நல்ல நாளா கெட்ட நாளா என்று பார்த்து வந்தவளாகத் தெரியவில்லை, தலையெல்லாம் நனைந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது, அவனுடைய தொழில் கணக்கில் அது எதற்குமே உதவாத நேரம்.

"இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கறேன்" என்றாள். "வரச் சொல்லியிருக்காங்க. இப்போதைக்கு இங்கிருந்து போலாம்னு இருக்கறேன். அப்பறம் எப்படியோ எனக்கே தெரியாது."

எத்தனை நாளைக்கு என்று கேட்க அவன் வாய் திறந்தது, மூடியது. நிஜமாகத்தானா என்று திறந்தது, மூடியது. சாப்பிட்டாயா என்பதற்குத் திறந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுலோசனா மழைச்சாரலில் நின்றுகொண்டே, அவன் வாய் திறந்து திறந்து மூடுவதை அவசரமில்லாமல் முழுவதும் பார்த்தாள்.

சென்னியப்பன் வாசலை விட்டு ஒதுங்கி நின்றான்.